கடல் ஓசை 90.4: உங்களுக்கும் கேட்டதா?

மனைவிக்குப் பாம்பன். மாமனார் வீட்டில் ஒரு பழைய ரேடியோ எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும். நானும் ஏதோ சினிமாப் பாட்டு சேனல் என்றுதான் இருந்தேன். ஒருநாள் பாட்டு முடிந்ததும், நாளைக்குத் தென்கடலில் காற்று எப்படி, அலை எவ்வளவு என்று ஒரு பையன் பேச ஆரம்பித்தான். நம் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்வது மாதிரி. அப்புறம்தான் சொன்னார்கள், இதன் பெயர் கடல் ஓசை, 2016-இல் மீனவர்களுக்காகவே தொடங்கிய சமுதாய வானொலி என்று.

மச்சானோடு வல்லத்தில், அதாவது அவர் படகில், போனபோது கடலிலும் கேட்டுப் பார்த்தேன். போனில் எஃப்.எம். எடுக்க இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. அவர் அதை அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், ஒரு கயிற்றோடு சுற்றி வைத்திருந்தார். கரை மங்க மங்க குரலும் கரகரத்து, கடைசியில் அடங்கிவிட்டது. இந்த வானொலிகளுக்குப் பொதுவாக 100 வாட் திறனில் ஒலிபரப்பத்தான் அனுமதி. கடலில் இருப்பவனுக்குத்தானே கூடுதலாகக் கேட்க வேண்டும்? எனக்கு அது இன்னும் உறுத்தல்தான்.

*

உங்களுக்குப் பாம்பன் என்றால் எனக்குச் சென்னை. அதே 90.4-இல்தான் இங்கே நான் அண்ணா எஃப்.எம். கேட்டேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1-இல் தொடங்கியது. வீச்சு குறைவு என்பதால் ஒரே எண்ணை ஊருக்கு ஊர் கொடுக்கிறார்கள். கோட்டூர்புரத்தில் தெளிவாக இருக்கும். பஸ் கொஞ்ச தூரம் போனால் இரைச்சல். எங்கள் வீட்டுக்குப் பூ கொடுக்கும் அக்கா ஒருமுறை அதில் ரத்தசோகையைப் பற்றிப் பேசினார். மறுநாள் பூ வாங்கும்போது என்னை அறியாமல் ‘வாங்க, போங்க’ வந்துவிட்டது.

*

எங்க பாம்பன் மாப்பிள்ளையா அண்ணே நீங்கள்? சரி, என் கதையையும் கேளுங்கள். அம்மா கடல்பாசி எடுப்பவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு போவது எதற்கு என்று கடல் ஓசையிலிருந்து வந்து கேட்டுப் பதிவு செய்தார்கள். பாறை அறுத்துவிடும் என்பதைச் சொல்லவே அம்மா பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒலிபரப்பான நேரத்தில் அவர் மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நான் ரேடியோ பக்கத்தில் போனை வைத்துப் பதிந்தேன், நடுவில் இரண்டு குக்கர் விசிலோடு.

சாயங்காலம் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி: “ரெண்டு விசில்லயே இறக்கிட்டியா? பருப்பு வெந்துச்சா?”