நனைந்த களிமண்ணில் தொட்டி இறங்க மறுக்கிறது: ஃபெனிக்ஸ் தெரிந்தவர்கள் உதவவும்

மன்னார்குடி மாணவி:
வெண்ணாற்றங்கரையில் 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத் தண்ணீர்த்தொட்டி. கீழே தண்ணீர் கோத்த களிமண். தொட்டி நிரம்பியதும் நடுப்பகுதி எவ்வளவு இறங்கும் என்று ஃபெனிக்ஸில் (பொருளைச் சிறு கூறுகளாக வெட்டிக் கணக்கிடும் மென்பொருள்) முப்பரிமாண மாடல் போட்டிருக்கிறேன். தொட்டியின் விறைப்பைச் சேர்க்கவில்லை. மண்மேல் 20 கிலோபாஸ்கல் சீரான அழுத்தம் மட்டும். யங் குணகம் (மண்ணின் விறைப்பு) 3 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (அமுக்கும்போது பக்கவாட்டில் பிதுங்கும் அளவு; 0.5 என்றால் கனஅளவே மாறாது) 0.499. அடிப்பரப்பு 20 மீட்டர் ஆழத்தில் அசையாது. மண்ணை நான்முகிகளாக வெட்டிய மெஷ்; ஒவ்வொன்றுக்குள்ளும் இடப்பெயர்ச்சி நேர்கோடாக மாறும் முதல்படி லாக்ராஞ்ச் கூறுகள். விடை 6 மி.மீ. மெஷ்ஷை நுணுக்கினால் 9. இன்னும் நுணுக்கினால் இன்னும் ஏறுகிறது. விகிதத்தை 0.3 ஆக்கினால் மட்டும் விடை ஓரிடத்தில் நிற்கிறது. அலகுகள் சரி.

திருவையாறு:
நடுப்புள்ளியில்தானே படிக்கிறீர்கள்? விளிம்பில் படித்தால் நடுவின் 64 விழுக்காடுதான் கிடைக்கும்.

மன்னார்குடி மாணவி:
நடுப்புள்ளிதான் ஐயா.

பழைய கட்டுமானர்:
0.3-இல் நிற்கிறது, 0.499-இல் நழுவுகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம் அம்மா. இது லாக்கிங், அதாவது கூறுகள் செயற்கையாக விறைத்துப் பூட்டிக்கொள்வது. கனஅளவு மாற்றத்தையும் வடிவ மாற்றத்தையும் எதிர்க்கும் லாமேயின் இரு மாறிலிகளின் விகிதம் 0.3-இல் 1.5, 0.499-இல் 499. அதாவது ஒவ்வொரு நான்முகியும் தன் கனஅளவை மாற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. முனைகளைவிட நான்முகிகள் ஐந்தாறு மடங்கு அதிகம். முனைக்கு மூன்று இடப்பெயர்ச்சிகளே உண்டு. இத்தனை கட்டுப்பாடுகளுக்கு நடுவே மண் எப்படி அசையும்?

முதலில் தாளில் போட்டுப் பாருங்கள். முடிவற்ற ஆழத்துக்கு நடு இறக்கம் 2qa(1−ν²)/E (q அழுத்தம், a ஆரம், ν பாய்சான் விகிதம், E யங் குணகம்); உங்கள் எண்களுக்கு 20 மி.மீ. அடி 20 மீட்டரில் நிற்பதால் அதற்குச் சற்றுக் கீழே வர வேண்டும்.

மருந்து: மண்ணுக்குள் எழும் அழுத்தத்தை இடப்பெயர்ச்சியோடு சேர்த்துத் தனி மாறியாக எடுத்துக் கலப்பு வடிவில் எழுதுங்கள். இடப்பெயர்ச்சிக்கு இரண்டாம் படி, அழுத்தத்துக்கு முதல்படி, இதற்கு டெய்லர்–ஹுட் இணை என்று பெயர். சோம்பல்பட்டு இரண்டுக்கும் முதல்படி வைத்தால் அழுத்தப் படம் சதுரங்கப் பலகைபோலப் பொய்யாக மாறி மாறி ஏறி இறங்கும்.

மன்னார்குடி மாணவி:
அப்படியே மாற்றினேன். இப்போது சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்க்கும் கான்ஜுகேட் கிரேடியன்ட் முறை விடையை நோக்கிக் குவியவே இல்லை.

திருவையாறு:
குவியாது. கலப்பு வடிவின் அணியில் நேர், எதிர் ஐகன் மதிப்புகள் (அணியின் தன்மதிப்புகள்) இரண்டும் இருக்கும்; அந்த முறைக்கு எல்லாமே நேர் எண்களாக இருக்க வேண்டும். ஃபெனிக்ஸ் பயன்படுத்தும் பெட்ஸ்சி நிரலகம் வழியாக, ஒரே வீச்சில் தீர்க்கும் மம்ப்ஸ் நேரடித் தீர்வியைக் கொடுங்கள். நினைவகம் போதாதபோது, எதிர் மதிப்புகளையும் தாங்கும் மின்ரெஸ் என்ற படிப்படி முறையும், அதை விரைவாகக் குவியவைக்கும் தொகுதி முன்சீராக்கியும்.

மன்னார்குடி மாணவி:
மம்ப்ஸில் 17 மி.மீ. மெஷ்ஷை நுணுக்கினாலும் அங்கேயே நிற்கிறது. மிக்க நன்றி.

பழைய கட்டுமானர்:
அறிக்கையில் அந்த 17-ஐ ‘உடனடி இறக்கம்’ என்றே எழுதுங்கள். நம் டெல்டாக் களிமண்ணில் துளைநீர் (மண்துகள்களின் இடைவெளியில் உள்ள நீர்) மெல்ல வடிய வடியத் தொட்டி பிறகும் இறங்கிக்கொண்டிருக்கும். அதற்கு 1941-இல் பயோ தந்த சமன்பாடுகள் வேண்டும். துளைநீர் அழுத்தம் அங்கேயும் தனி மாறிதான் என்பதால் இப்போது எழுதிய நிரலில் பாதி உதவும். ஊடுருவுதிறனை (மண் நீரைக் கடத்தும் வேகம்) புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். ஆற்றோரத்தில் களிமண்ணுக்கு நடுவே மணல் படுகை ஓடினால் வடியும் காலமே மாறிவிடும். துளையிட்டுப் பார்த்த மண் விவரம் இருந்தால் போடுங்கள், பார்க்கலாம்.