பேர் தெரியாத காலத்தில் நீங்கள் நேரில் பார்த்த கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரர் யார்?

கொலம்பஸ் தம்பி:

என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்) அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் நெருங்கிவிட்டது. எதைத் திறந்தாலும் முதல் ரவுண்டுக்கான அதே இருபது முப்பது பெயர்கள்தான். புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வரி: ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே பணம் பேசி ஆள் எடுப்பதில்லை. போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை, பட்டம் வென்ற அணிக்குக் கடைசி. 32 அணிகள், 7 ரவுண்டு, மூன்று நாளில் 250 பேருக்கு மேல் எடுத்துவிடுவார்கள்.

எனக்கு வேண்டியது அந்த மூன்றாம் நாள் ஆட்கள். யாரும் கண்டுகொள்ளாத நேரத்தில், கல்லூரி மைதானத்தில் நேரில் பார்த்து, 'இவன் தேறுவான்' என்று உங்களுக்குத் தோன்றிய ஆள் உண்டா? டிவியில் பார்த்த கதை வேண்டாம். நான் இருப்பது ஓஹையோ ஸ்டேட் ஊர். இங்கே வருகிற பையன்கள் ஹைஸ்கூலிலேயே திறமை மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஆன் ஆர்பர் அண்ணாச்சி:

தம்பி, முதலில் பெரிய மைதானத்தை விட்டு வெளியே வாங்க. எங்கள் ஊர் மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். நாலு பேர் குடும்பமாகப் போனால் அந்த மாதம் மளிகைக் கணக்கு உதைக்கும். அங்கிருந்து கார் எடுத்துக் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் யிப்சிலாண்டி. ஈஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் அங்கேதான். ஆடுதளம் பச்சையாக இருக்காது, சாம்பல் நிறம். ஆட்டக்காரர்கள் உள்ளே நுழையும்போது சிமெண்ட் கல் சுவர் ஒன்றைச் சம்மட்டியால் அடித்து உடைத்துவிட்டு ஓடி வருவார்கள். என் மகன் அந்தச் சுவரைப் பார்க்கத்தான் வருவான். ஆட்டம் அவனுக்கு ரெண்டாம் பட்சம்.

2018 சீசன். நல்ல குளிர். இடைவேளைக்கு அப்புறம் பாதிக் கூட்டம் கிளம்பிவிட்டது. நாங்கள் கீழே இறங்கிக் கிட்டத்தட்ட ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. அங்கே டிஃபென்சிவ் எண்ட் (தடுக்கும் அணியின் முன்வரிசையில் ஓரத்தில் நிற்பவர்) ஒருவர், நெட்டையாக, ஒல்லியாக. அந்த இடத்தில் ஆடுகிறவருக்கு இருக்க வேண்டிய எடை இல்லை என்று பார்த்தாலே தெரியும். பந்தை எடுத்தவன் அவருக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறான். அந்த மாதிரி நேரத்தில் இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் ரெண்டு எட்டு வைத்துவிட்டு நின்றுவிடுவார்கள், அடுத்த முறைக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்வார்கள். தப்பே கிடையாது. இவர் மட்டும் மைதானத்தின் குறுக்கே முழுதாக ஓடிப்போய் அந்தக் கும்பலில் விழுவார். எழுந்து வந்து மறுபடியும் அதையே செய்வார். ஸ்கோர் எங்கேயோ போய்விட்டது, அப்போதும் விடவில்லை. டிவியில் காமிரா பந்துக்குப் பின்னால் போய்விடும், இதெல்லாம் கண்ணில் படாது.

மேக்ஸ் கிராஸ்பி. டெக்சஸ் பையன், அங்கே இருக்கிற பெரிய கல்லூரிகள் எதுவும் கூப்பிடாததால் மிச்சிகன் வரை வந்தவர். 2019 டிராஃப்டில் ரெய்டர்ஸ் அவரை எடுத்தது 4ஆம் ரவுண்டில், 106ஆவது ஆளாக. வேடிக்கை என்னவென்றால், அதே அணி அதே வருடம் அதே டிஃபென்சிவ் எண்ட் இடத்துக்கு 4ஆவது ஆளாகவே ஒருவரை எடுத்திருந்தது: கிளெம்சனில் இருந்து கிளெலின் ஃபெரல். முதல் சீசனில் ஃபெரல் 4.5 சாக் (பந்தை எறியப் போகிறவரை அதற்கு முன்பே வீழ்த்துவது), கிராஸ்பி 10. 102 இடம் தள்ளி வந்தவர்!

ஏம்ஸ் அக்கா:

அண்ணாச்சி சொன்ன ஓட்டம் எனக்கும் தெரியும், ஆனால் என் ஆள் ஓடுகிறவர் இல்லை. நான் அயோவா ஸ்டேட்டில் பிஎச்டி செய்தேன். சோளக்காட்டுக்கு நடுவில் ஊர், சனிக்கிழமை ஜாக் டிரைஸ் ஸ்டேடியத்தை விட்டால் போக்கிடம் கிடையாது. (ஜாக் டிரைஸ் இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின விளையாட்டு வீரர். 1923இல் மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் அடிபட்டு இறந்துபோனார். மைதானத்துக்கு அவர் பெயர் வந்த கதை தனியாக எழுத வேண்டியது.)

2018இல் ப்ராக் பர்டி முதலாமாண்டு மாணவர். ஓக்லஹோமா ஸ்டேட் ஊரில் நடந்த ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 48-42 என்று ஜெயித்துக் கொடுத்தார். அதற்கு அப்புறம் நான் படிப்பு முடிக்கும் வரை அவரேதான் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். என் லேபில் எல்லோரும் அவரைத் திட்டுவார்கள். உயரம் ஆறடி சொச்சம், கையில் பெரிய பலம் கிடையாது, அவசரத்தில் கண்டபடி எறிந்துவிடுவார். அது எதுவும் பொய்யில்லை.

நான் மாணவர் பகுதியில், கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் குவார்ட்டர்பேக்கின் கண் தெரியும். நாலு பேர் தன்மேல் விழ வருகிறார்கள் என்று தெரிந்தும் பர்டியின் பார்வை கீழே இறங்காது. ஒருவன் தோளைப் பிடித்துவிட்ட பிறகும் தலை, பந்தைப் பிடிக்கத் தூரத்தில் ஓடும் ரிசீவர் பக்கமே இருக்கும். பந்து கையைவிட்டுப் போகும்போது ரிசீவர் இன்னும் திரும்பியே இருக்க மாட்டார். திரும்பும் இடத்தில் பந்து வந்து நிற்கும். கையில் பலம் குறைந்தவர்கள் அதை இப்படித்தான் ஈடுகட்ட வேண்டும், சீக்கிரம் முடிவெடுத்து சீக்கிரம் எறிந்துவிட வேண்டும். டிராஃப்டுக்கு முன் நாற்பது கெஜ ஓட்டத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து அளக்கிறார்கள், இதை எதை வைத்து அளப்பார்கள்?

2022 டிராஃப்டில் 262ஆவது, அதாவது கடைசி ஆள். கடைசியாக எடுக்கப்படுபவரை 'மிஸ்டர் இர்ரெலவன்ட்' என்று கேலியாகக் கூப்பிடுவது வழக்கம், அந்தப் பட்டமும் கிடைத்தது. அவரை எடுத்த சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அதற்கு முந்தைய வருடம்தான் எதிர்கால முதல் ரவுண்டு உரிமைகளையெல்லாம் தூக்கிக் கொடுத்து, 3ஆவது ஆளாக டிரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தார்கள். கடைசியில் அந்த அணியை 2024 பிப்ரவரியில் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்குக் கூட்டிப்போனது பர்டி. தோற்றுவிட்டார்கள், சரி. 2025இல் அவருக்கு ஐந்து வருட ஒப்பந்தம், 26.5 கோடி டாலர் வரை. திட்டிய லேப் நண்பர்கள் எல்லோரும் இப்போது அவர் ஜெர்சி போட்டுக்கொண்டு போட்டோ அனுப்புகிறார்கள்.

டாலஸ்காரன்:

என்னுடையது சின்னக் கதை. இங்கே வருவதற்கு முன் மிசிசிப்பி ஸ்டேட்டில் எம்எஸ். ஸ்டார்க்வில் மைதானத்துக்கு ஆளுக்கொரு மாட்டு மணி எடுத்துக்கொண்டு போவார்கள். பந்து ஆட்டத்துக்கு வரும் நேரத்தில் அடிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது, யார் கேட்கிறார்கள்? 2014 அக்டோபரில் ஆபர்னை 38-23 என்று அடித்த ஆட்டத்துக்குப் போயிருந்தேன். ரெண்டு நாள் காது அடைத்துக் கிடந்தது. அந்த வெற்றிக்குப் பிறகு எங்கள் கல்லூரி அணி நாட்டிலேயே முதலிடத்துக்குப் போனது. எங்கள் குவார்ட்டர்பேக் டாக் ப்ரெஸ்காட் அந்தச் சத்தத்துக்கு நடுவே தன் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் நடந்துபோய் ஹெல்மெட்டைப் பிடித்துப் பேசுவார். தப்புச் செய்தவனிடம் முதலில் போவார்.

அவ்வளவு பார்த்தும் 2016இல் 4ஆம் ரவுண்டு, 135ஆவது. அவரை எடுத்த டாலஸ் கௌபாய்ஸ் முதலில் ஆசைப்பட்டது பாக்ஸ்டன் லிஞ்ச், கானர் குக் என்ற குவார்ட்டர்பேக்குகளுக்கு. ரெண்டு பேரையும் வேறு அணிகள் தூக்கிவிட்டன. பயிற்சி ஆட்டத்தில் அணியின் குவார்ட்டர்பேக் டோனி ரோமோவுக்கு முதுகில் அடி, இவர் இறங்கினார், அந்த சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. அந்த ரோமோவும் 2003இல் யாராலும் எடுக்கப்படாமல் வந்தவர் என்பது இன்னொரு கூத்து.

டெட்ராய்ட் சந்தேகி:

எல்லாம் சரிங்க. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. 'இவன் தேறுவான்' என்று உங்களுக்குத் தோன்றி, தேறாமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

2024 டிராஃப்ட் எங்கள் ஊரில் நடந்தது. மூன்று நாளில் 7 லட்சத்து 75 ஆயிரம் பேர் வந்தார்கள் என்று அறிவித்தார்கள், அப்போது அது என்எஃப்எல் சாதனை. முதல் நாள் ராத்திரி நகர முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் போனேன், 5ஆம் ரவுண்டு ஓடிக்கொண்டிருந்தது. பெயரை வாசிக்கிறார்கள், பக்கத்தில் இருந்தவர் போனில் தேடுகிறார், 'யாருங்க இது' என்கிறார். அப்படி வாசிக்கப்பட்டவர்களில் பலர் ஆகஸ்ட் கடைசியில் அணியைச் சுருக்கும்போது வெளியே போய்விடுவார்கள். குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை எல்லோரும் உதாரணம் காட்டுகிறோம். 2000இல் 199ஆவது. அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள். அவரை எடுத்த பேட்ரியட்ஸ் மட்டும் என்ன, அவர் பிரேடி ஆவார் என்று தெரிந்திருந்தால் 199 வரை காத்துக்கொண்டா இருந்திருப்பார்கள்? எடுத்தவர்களுக்கே தெரியாது.

ஆனாலும் எங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் ரிசீவர் அமான்-ரா செயின்ட் பிரவுனை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2021, 112ஆவது. தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் பெயரையும் கல்லூரியையும் வரிசையாக ஒப்பிப்பார். நம்மூரில் இதை வன்மம் என்போம், லயன்ஸுக்கு அது பயன்படுகிறது.

சான் அன்டோனியோவாசி:

சந்தேகி சாருக்கு வேறு ஒரு கோணம். அண்ணாச்சி சொன்ன யிப்சிலாண்டி மாதிரி இடத்தில் இனி ஆள் மாட்டுவதே கஷ்டம். இங்கே இன்கார்னேட் வோர்ட் என்று ஒரு சின்னப் பல்கலைக்கழகம், 2021இல் குவார்ட்டர்பேக் கேம் வார்டை அங்கே பார்த்தேன். ஹைஸ்கூலில் ஒரு நட்சத்திரம்கூட இல்லாதவர். அவருடைய பள்ளியில் பந்தை எறிவதே அபூர்வமாம், ஓடியே ஆடும் பாணி. கைக்கெட்டும் தூரத்தில் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தார். உடம்பைத் திருப்பாமல், மணிக்கட்டை மட்டும் சுழற்றி, பக்கவாட்டில் அவ்வளவு தூரம் எறிகிறார். பக்கத்தில் இருந்த பெரியவர், "இந்தப் பையன் அடுத்த வருஷம் இங்கே இருக்க மாட்டான்" என்றார். இருக்கவில்லை. வாஷிங்டன் ஸ்டேட், அப்புறம் மயாமி, 2025இல் டென்னசி டைட்டன்ஸ் முதல் ஆளாகவே எடுத்தார்கள்.

கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும் என்ற பழைய விதி போய்விட்டது. இப்போது காசும் கொடுக்கிறார்கள். சின்னக் கல்லூரியில் நன்றாக ஆடினால் அடுத்த ஜனவரியில் பெரிய கல்லூரி வந்து கூட்டிக்கொண்டு போய்விடும். கிராஸ்பி இன்று ஆடியிருந்தால் மூன்றாமாண்டு ஈஸ்டர்ன் மிச்சிகனில் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஆன் ஆர்பர் அண்ணாச்சி:

இருந்திருக்க மாட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் பட்டியல்) ஏறிப் போகிறவர்கள் நன்றாக ஆடிப் புள்ளிவிவரம் காட்டியவர்கள். அடிபட்டு ஒரு சீசன் உட்கார்ந்தவன், மூன்றாமாண்டில் இடம் மாற்றி ஆடப் பழகியவன், பந்தே வராத அணியில் ரிசீவராக மாட்டிக்கொண்டவன், இவர்களைப் பெரிய கல்லூரி கேட்டு வராது. ஜார்ஜ் கிட்டில் அயோவா மாதிரி பெரிய கல்லூரியில் ஆடியும் 2017இல் 146ஆவதுதான். அந்த அணி ஓடித்தான் ஆடும், அவர் கைக்குப் பந்து வந்ததே குறைவு. ஆனால் அவர் பிளாக் செய்வதை, அதாவது எதிரணி ஆட்களை உடம்பால் மறிப்பதை, பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கொலம்பஸ் தம்பி:

அப்போ நான் தேட வேண்டியது பெரிய கல்லூரியிலேயே பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளை. எங்கள் ஊரிலும் அப்படி ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், ஸ்பிரிங் கேமில் (வசந்தகாலப் பயிற்சி ஆட்டம்) ரெண்டாவது அணியோடு ஆட விடுவார்கள். அண்ணாச்சி, டொலீடோ உங்களுக்கும் எனக்கும் நடுவில்தானே? நவம்பரில் அங்கே செவ்வாய் ராத்திரி ஆட்டம் இருந்தால் சொல்லுங்க, லீவு போட்டுவிட்டு வருகிறேன். கூட்டம் கலைந்த பிறகு ஓரக்கோட்டுப் பக்கம் போய் நிற்கலாம்.