லிங்கனும் கேடிலாக்கும் நேருக்கு நேர் நின்றபோது: பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்

என்னிடம் இருப்பது 1998 லிங்கன் மார்க் எய்ட் எல்.எஸ்.சி. அந்த மாடலின் கடைசி வருட வண்டி. 2003இல் விக்சம் ஊரில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். அந்த ஊர்த் தொழிற்சாலையில் இந்த வண்டிகளைப் பூட்டிய வரிசையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னார்: "எல்டொராடோ பக்கத்தில் வந்து நின்றால் ஒதுங்கிப் போகாதே."

எல்டொராடோ கேடிலாக்கின் இரண்டு கதவு வண்டி. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று தேடிப் போனபோதுதான் இந்தப் பகையின் கதை கிடைத்தது. லிங்கன், கேடிலாக் என்ற இரண்டு அமெரிக்கச் சொகுசுக் கார்ப் பெயரையும் தொடங்கியவர் ஒருவர்தான், ஹென்றி லீலண்ட். 1902இல் ஹென்றி ஃபோர்டு தன் கம்பெனியின் முதலீட்டாளர்களோடு ஒத்துவராமல் விலகிப் போனார். மிச்சமிருந்த தொழிற்கூடத்துக்கு விலை மதிப்புப் போட்டுத்தர லீலண்டை அழைத்தார்கள். விற்க வேண்டாம், என்னிடம் நல்ல எஞ்சின் இருக்கிறது, கார் செய்யலாம் என்று அவர் சொல்ல, அது கேடிலாக் ஆனது. பிறகு 1917இல் போர் விமான எஞ்சின் விஷயத்தில், கேடிலாக்கை அதற்குள் வாங்கியிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையோடு முட்டிக்கொண்டு வெளியே வந்து லிங்கனைத் தொடங்கினார். அது நொடித்துப்போன பிறகு 1922இல் 80 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியவர் அதே ஹென்றி ஃபோர்டு! நம் ஊரில் இதற்குப் பங்காளிச் சண்டை என்று பெயர்.

சண்டை எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்தது 1993 மாடல் வருடத்தில். கேடிலாக் நார்த்ஸ்டார் எஞ்சினைக் கொண்டுவந்தது, 4,565 சி.சி. அதே வருடம் லிங்கன் மார்க் எய்ட் வந்தது, 4,601 சி.சி. இரண்டும் அலுமினியத்தில் வார்த்த எட்டு சிலிண்டர் வி-8, இரண்டுக்கும் நான்கு கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறந்து மூடும் தண்டு), 32 வால்வு. பேச்சுக்கு இரண்டுமே 4.6 லிட்டர். பேசி வைத்துக்கொண்டு செய்தாலும் இவ்வளவு பொருத்தம் வராது. ஆனால் கேடிலாக் அந்த எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரங்களை ஓட்டியது, லிங்கன் நெடுக்கே வைத்துப் பின்சக்கரங்களை ஓட்டியது. எல்டொராடோ டூரிங் கூப்புக்கு 300 குதிரைத்திறன், என் எல்.எஸ்.சி.க்கு 290. எது மேல் என்று நேரில் பார்த்துவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி அமெரிக்காவில் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

நான் பார்த்தது 2005 செப்டம்பரில், மிலன் டிராக் ஸ்ட்ரிப்பில் (கால் மைல் நேர்ப் பந்தயத் தடம்), பொதுமக்கள் தங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்கும் ஒரு மாலையில். வரிசையில் எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை எல்டொராடோ டூரிங் கூப் வந்து நின்றது. ஓட்டியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். என் வண்டியின் டிக்கியில் இருக்கும் ஸ்பேர் டயர் வடிவ வட்டப் புடைப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "மார்க் எய்ட்டா? நான் பத்து வருடமாக ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார். வாங்கத் தேடவில்லை, பக்கத்தில் நிறுத்தத் தேடியிருக்கிறார்.

பச்சை விளக்கு விழுந்ததும் என் வண்டி பின்பக்கம் உட்கார்ந்து கிளம்பியது. அவருடைய முன்சக்கரம் சுழன்று வழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. வேகமாகக் கிளம்பும்போது எடை பின்னால் போகிறது, முன்சக்கரத்துக்குப் பிடி குறைகிறது. அதில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பாதித் தூரம்வரை அவரைக் கண்ணாடியில்தான் பார்த்தேன். அதற்கு மேல் அந்த வெள்ளை மூக்கு என் கதவு பக்கம் வந்துவிட்டது. எல்லைக் கோட்டில் நான் முன்னால் இருந்தேன் என்பது அங்கே தரும் நேரச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். முதல் அறுபது அடிக்கு எனக்கு 2.21 விநாடி, அவருக்கு 2.36. கால் மைல் முடியும்போது எனக்கு 15.18, அவருக்கு 15.24. கடைசி வேகம் எனக்கு 92 மைல், அவருக்கு 93. கிளம்பும்போது இழந்ததில் பாதிக்கு மேல் அவர் திருப்பி எடுத்துவிட்டார். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது நார்த்ஸ்டார்தான் மேல். லிங்கன்காரன் நான் சொல்கிறேன். இரண்டாவது ஓட்டத்தில் அவர் ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துக் கிளம்பி, 15.12 விநாடியில் என்னை ஜெயித்தார். மூன்றாவது ஓடவில்லை. பனி இறங்கித் தடம் ஈரமாகிவிட்டது. பிறகு இரண்டு பானட்டையும் திறந்து வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டு, பத்தரை மணிவரை பேசினோம்.

சரி, உங்கள் சந்திப்புகளை எழுதுங்கள். லிங்கனானாலும் கேடிலாக்கானாலும் சரி, எந்த வருட வண்டியானாலும் சரி.

லான்சிங், மிச்சிகன்

அண்ணா, நான் எதிர்க் கட்சி. 2012 கேடிலாக் சி.டி.எஸ்.-வி வேகன், கையால் மாற்றும் ஆறு கியர். 6.2 லிட்டர் வி-8, மேலே சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), 556 குதிரைத்திறன். பின்னால் இரண்டு குழந்தை இருக்கை, டிக்கியில் மளிகைச் சாமான். உலகத்தில் இப்படி ஒரு வண்டியைச் செய்யத் துணிந்தவர்களுக்கு நான் என்றும் நன்றியுள்ளவன்.

கேடிலாக்கின் வேக வண்டிகளான இந்த வி வரிசை எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், அது இல்லாமல் என் கதை புரியாது. நீங்கள் சொன்ன அந்த முன்சக்கரக் காலத்தோடு கேடிலாக் நின்றிருந்தால் ஜெர்மன்காரர்கள் எட்டிப் பிடிக்க முடியாத தூரம் போயிருப்பார்கள். 2004 மாடலில் முதல் சி.டி.எஸ்.-வி வந்தது. கார்வெட் இஸட்-06 ஸ்போர்ட்ஸ் காரின் 5.7 லிட்டர் எஞ்சின், 400 குதிரைத்திறன், பின்சக்கரம், மேனுவல் கியர் மட்டும்தான். ஜெர்மனியில் நூர்புர்க்ரிங் பந்தயத் தடத்துக்கே கொண்டுபோய்ச் சோதித்தார்கள். 2008இல் இரண்டாம் தலைமுறை வண்டியை ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஜான் ஹைன்ரிசி அங்கே 7 நிமிடம் 59.32 விநாடியில் ஓட்டினார். நான்கு கதவு செடான் ஒன்று எட்டு நிமிடத்துக்குள் சுற்றி வந்தது என்ற செய்தியைப் படித்த அன்றுதான் வாங்கினால் இதுதான் என்று முடிவு செய்தேன்.

இப்போது சந்திப்பு. சவுத் ஹேவனில் இருக்கும் ஜிஞ்சர்மேன் பந்தயத் தடம். மழை பெய்து ஓய்ந்த காலை. எனக்கு முன்னால் ஒரு வெள்ளி நிற 2001 லிங்கன் எல்.எஸ். வெறும் 3.0 லிட்டர் வி-6தான். நேர் தடத்தில் ஒரே மூச்சில் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் கையை வெளியே நீட்டி வழி விடும் முன்பே வளைவு வந்துவிட்டது. வளைவில் அந்த லிங்கன் தண்டவாளத்தில் போவது போலப் போகிறது! என் வண்டி ஏறக்குறைய இரண்டு டன், ஈரத்தில் முன்சக்கரம் வெளியே வெளியே தள்ளிக்கொண்டு போகிறது. இரண்டு முழுச் சுற்று அவர் பின்னாலேயே போனேன். அப்புறம்தான் நேர் தடத்தில் கையை நீட்டி வழி விட்டார்.

பிட்டில் (தடத்தின் ஓரம் வண்டிகளை நிறுத்தும் இடம்) போய்ப் பார்த்தால் கியர் கம்பியில் கிளட்ச் வண்டிக்கான எண்கள், ஐந்து கியர். லிங்கனில் மேனுவல்! நான் அதுவரை ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. எடையைச் சமமாக்க பேட்டரியை டிக்கியில் வைத்திருக்கிறார்கள். ஜாகுவார் எஸ்-டைப்போடு பகிர்ந்துகொண்ட அடித்தளம் அது. அந்த வண்டியைச் செய்தவர்களுக்கு ஓட்டத் தெரிந்திருந்தது. 2000 மாடலாக வந்தபோது மோட்டார் ட்ரெண்ட் பத்திரிகையின் ஆண்டின் சிறந்த கார் விருதும் அதற்குக் கிடைத்தது. 2006இல் நிறுத்திவிட்டார்கள். சி.டி.எஸ்.-விக்கு எதிரே இதற்கு ஒரு பெரிய எஞ்சின் கொடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். எதிர்க் கட்சிக்காரன் எனக்கே அந்த வருத்தம் இருக்கிறது.

ஹூஸ்டன், டெக்சஸ்

இங்கே எல்லோரும் கார் பற்றியே பேசுகிறீர்கள், இன்று சண்டை நடப்பது எஸ்.யூ.வி.யில்தான். நான் லிங்கன் நேவிகேட்டர் ஓட்டுகிறேன். முதல் நேவிகேட்டர் 1998 மாடல். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, கேடிலாக் ஒரு வருடத்தில் எஸ்கலேடை அவசரமாகக் கொண்டுவந்தது. ஆரம்பித்து வைத்தது லிங்கன் என்பதை யாரும் மறக்க வேண்டாம்.

பேர்லண்டு மீனாட்சி கோவிலுக்கு ஒரு விசேஷ நாளில் போயிருந்தோம். நிறுத்துமிடத்தில் பக்கத்தில் ஒரு கறுப்பு எஸ்கலேட்-வி. தரிசனம் முடிந்து வந்து அவர்கள் ஸ்டார்ட் செய்தபோது என் கையில் இருந்த பிரசாதத் தட்டு அதிர்ந்தது. மிகையாகச் சொல்லவில்லை, காகிதத் தட்டின் விளிம்பு கையில் அதிர்வது தெரிந்தது. 682 குதிரைத்திறன். என்னுடையது 440. என் மகன் "அம்மா, நம்மது ஏன் இப்படிச் சத்தம் போடாது?" என்றான். நம்மது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் செய்தது கண்ணா என்றேன். அதை முழுமனதோடுதான் சொன்னேன். நீண்ட பயணத்தில் நேவிகேட்டரின் இருக்கைக்கு இணை கிடையாது.

சான் அன்டோனியோ, டெக்சஸ்

லிங்கன் என்றால் சொகுசு, பந்தயம் என்றால் கேடிலாக் என்று ஆகிவிட்டது. பழைய கணக்கு அப்படி இல்லை. மெக்சிகோவின் கரேரா பனாமெரிக்கானா பந்தயத்தில் பெரிய ஸ்டாக் கார் (கடையில் விற்கும் வகை வண்டி) பிரிவை 1952, 53, 54 மூன்று வருடமும் வென்றது லிங்கன். முதல் இரண்டு முறை ஓட்டியவர் சக் ஸ்டீவன்சன். கேடிலாக் 1950இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போய் பத்தாவதும் பதினொன்றாவதும் வந்தது. அமெரிக்கப் பந்தயக்காரர் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் கொண்டுபோன இரண்டு வண்டிகள் அவை, அதுவும் சாதாரணமான காரியமில்லை.

இங்கே ஒரு பழைய கார் கூட்டத்தில் 1953 லிங்கன் கேப்ரி ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம். இதை மெக்சிகோவின் மலைப்பாதையில் எப்படித் திருப்பினார்களோ!

ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. லான்சிங் தம்பி எல்.எஸ். பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

என்னுடைய இன்னொரு சந்திப்பு. 2023 ஆகஸ்ட், மூன்றாவது சனிக்கிழமை, வுட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் என்ற கார் ஊர்வலம். ராயல் ஓக் பக்கம் சாலையோர நிறுத்துமிடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, நாற்காலியை விரித்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கேடிலாக் சி.டி.5-வி பிளாக்விங் வந்து நின்றது. அந்தப் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. பிளாக்விங் என்று முதலில் பெயர் வைத்தது சி.டி.6-வியில் வந்த 4.2 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சினுக்கு. இந்த வண்டியில் அந்த எஞ்சின் இல்லை. இதில் இருப்பது 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜர் எஞ்சின், 668 குதிரைத்திறன், மேனுவல் கியரும் உண்டு.

ஓட்டி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பானட்டைத் திறந்து காட்டினான். எஞ்சினின் மேல் ஒரு சிறிய தகடு, அதைக் கையால் பூட்டியவரின் கையெழுத்தோடு. எனக்கு விக்சம் பெரியவர் ஞாபகம் வந்தது. அவர் பெயர் என் எஞ்சினில் எங்கும் இல்லை.

அப்புறம் அவன் என் வண்டியைச் சுற்றி வந்தான். "அங்கிள், இது எந்த நாட்டு வண்டி?" என்று கேட்டான். டெட்ராயிட் பகுதியில் பிறந்து வளர்ந்த பையன், இங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில் கட்டிய லிங்கனைப் பார்த்துக் கேட்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை, மனசு கனத்துப்போனது. அவன்மேல் தப்பே இல்லை. 2020இல் கான்டினென்டலோடு லிங்கன் இந்த நாட்டில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது, இப்போது எல்லாமே எஸ்.யூ.வி. அவன் ஓட்டுகிற வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்த இன்று ஒரு லிங்கன் இல்லை. தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, வரவே இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எதிரே எல்டொராடோ நின்றதால்தான் மார்க் எய்ட் 290 குதிரைக்குப் போனது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவனுக்கு நான் லீலண்ட் கதையைச் சொன்னேன். மிலன் சீட்டைப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினேன். மை மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எண் தெரியும். அவன் சாய்த்துப் பிடித்து, இரண்டு நேரத்தையும் வாய்விட்டுப் படித்து, "ஒரு விநாடியில் நூறில் ஆறு பங்குதான் வித்தியாசம்!" என்றான்.

இருட்டத் தொடங்கியதும் கிளம்பினோம். நிறுத்துமிடத்தின் வாசலில் நான் முன்னால், அவன் பின்னால். சாலையில் வண்டிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால் பிரேக்கை மிதித்தபடி காத்திருந்தேன். 97, 98 வண்டிகளில் டிக்கி மூடியின் அகலம் முழுக்க ஒரே நியான் குழாய்தான் பிரேக் விளக்கு. பின்கண்ணாடியில் பார்த்தால், அவன் கறுப்பு பானட்டின் மேல் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. அவன் செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சாலையில் இடைவெளி கிடைத்த பிறகும், அவன் எடுத்து முடிக்கும்வரை நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.