கல்யாண வீட்டு கப்ரிஞ்ஞாவைப் பாட்டில சேர்க்கலாமா?

கேள்வி: மட்டக்களப்புப் பறங்கியர்ர (போர்த்துக்கேயர் வழி வந்த சனம்) கப்ரிஞ்ஞா எண்ட ஆட்டப் பாட்டின்ர தாளத்தைப் புதுத் தமிழ்ப் பாட்டொண்டில போடப்போறம். கல்யாண வீட்டில ஃபோனில பிடிச்ச வயலின் துண்டும் கிடக்கு. இது களவா?

பதில் 1: தாளத்தை எடுக்கிறது களவில்லை தம்பி. இலங்கையின்ர துள்ளல் பாட்டான பைலாவே அதில இருந்துதான் வளர்ந்தது. ஆனா அது 6/8, சுற்றுக்கு ஆறு தட்டு. நாலு தட்டு லூப்புக்குள்ள திணிச்சா ஆட்டம் செத்துப்போகும். முதலாம், நாலாம் தட்டில அழுத்தம் வையுங்க. குவான்டைஸை (தட்டுகளைக் கணினி நேராக்கிற வசதி) 100 வீதம் இழுக்காதீங்க, 60 காணும்.

பதில் 2: வயலின் துண்டு வேற கதை. வாசிச்சவரிட்டக் கேக்காமத் தொடாதீங்க. அவரையே கூப்பிட்டு, காசு குடுத்து, திரும்ப வாசிப்பிச்சுப் பேரையும் போடுங்க. இலங்கையின்ர 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில 24ஆம் பிரிவையும் வாசியுங்க, நாட்டார் கலையை வியாபாரத்துக்கு எடுக்கிறது பற்றினது.

பதில் 3: வீடியோவில குடிகாரப் பறங்கி வேசம் மட்டும் வேணாம். தாளம் எவ்வளவு சரியா இருந்தாலும் அது அந்தச் சனத்தை நக்கலடிக்கிறதுதான்.