பாலாறு ஓவியச் சுவரில் உப்பு பூக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

காட்பாடியில் எங்கள் தெருமுனை காம்பவுண்டு சுவரில் பிப்ரவரியில் பாலாற்றை வரைந்தோம். ஒரு பாதி வெறும் மணல், மறுபாதி 2021 நவம்பரில் வந்த வெள்ளம், நடுவில் ஒரு கொக்கு. செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, 40 அடி நீளம். பிரைமர் ஒரு கை, அதன்மேல் வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கை.

ஜூனில் இரண்டு மழை பெய்தது, அவ்வளவுதான், தரையிலிருந்து இரண்டடி வரை வெள்ளையாக உப்பு பூத்து, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரல் வைத்தால் அப்பளம் மாதிரி உடைகிறது. கொக்குக்கு இப்போது கால் இல்லை. வறண்ட ஆறு வரைந்த பக்கம்தான் ஓதம் அதிகம் என்பது தனி வேடிக்கை.

சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்துத் திரும்ப அடித்தோம். மூன்றே வாரத்தில் பழையபடி. அப்புறம் கடைக்காரர் சொன்ன வாட்டர்ப்ரூஃப் பூச்சு, அது தோலாக உரிந்து வந்தது. சுவருக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது, அந்த ஈரம்தான் சுவர் வழியாக வந்து காயும்போது உப்பை வெளியே தள்ளுகிறது என்று நினைக்கிறேன். மேட்டை வெட்ட இடத்துக்காரர் சம்மதிக்கவில்லை.

கீழ் இரண்டடி சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசி அதன்மேல் வரைந்தால் ஐப்பசி மழையைத் தாங்குமா?