எந்த இடம் என்று சொல்லுங்கள்

பிடித்த பாட்டு என்று ஒரே மூச்சில் ஐம்பது பாட்டுகளை அனுப்பிவைக்கிறவர்களின் பாட்டை நான் கேட்பதே இல்லை. ஒன்றே ஒன்றை அனுப்பி, "இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையை மட்டும் கேள், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஆள் கிடைத்தால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கேட்பேன். புத்தகத்துக்கும் இதே நியாயம்தான். கோடை விடுமுறையில் படிக்க வேண்டிய பத்துப் புத்தகங்கள் என்று ஆண்டுதோறும் பட்டியல் வருகிறது. அதைப் பார்த்து ஒரு புத்தகத்தையாவது படித்து முடித்தவரை நான் சந்தித்ததில்லை.

இந்தப் பிடிவாதம் கோவில்பட்டியில் ஒட்டிக்கொண்டது. எண்பதுகளின் நடுப்பகுதி. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து, முடிவு வருவதற்காக வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நாட்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கேசட் பதிவுக் கடை இருந்தது. பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் நான்கைந்து நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம், அதாவது ஆறு பாட்டு, இழுத்துப் பிடித்தால் ஏழு. அந்த இடநெருக்கடியில்தான் ஒருவனுடைய ரசனை வெளியே வரும். எதைச் சேர்த்தான் என்பதைவிட எதை அடித்தான் என்று பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

கடைக்கார அண்ணாச்சி கொடுத்ததை அப்படியே பதிகிறவர் இல்லை. சீட்டை வாங்கியதும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்தும் வாத்தியார் போல ஒவ்வொரு வரியாகப் பேனாவை ஓட்டுவார். "இரண்டு சோகப் பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் கேட்கிறவன் எழுந்து போய்விடுவான், தம்பி" என்று வரிசையை மாற்றுவார். பக்கம் முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறுபடக் கூடாது என்பதில் கறாரானவர். ஒன்றரை நிமிடம் மிச்சம் இருந்தால் ஏதாவது ஒரு படத்தின் டைட்டில் இசையைத் தாமாகவே போட்டு நிரப்புவார். நாங்கள் கேட்டு வாங்காத அந்தத் துண்டுகளுக்காகவே சில கேசட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டோம். பதிந்து முடித்ததும் கேசட்டின் முதுகில் இரண்டு ஓரங்களிலும் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகடுகளைத் திருப்புளியால் உடைத்துவிடுவார். அதற்குமேல் அதில் வேறொன்றைப் பதிய முடியாது. உடைந்த ஓட்டையை ஒட்டுத்தாளால் மூடினால் முடியும் என்ற ரகசியத்தை அவர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. நாங்களாகக் கண்டுபிடித்தோம்.

என் கூட்டாளி ரயில்வே குடியிருப்புப் பையன். 'என் இனிய பொன் நிலாவே' அவனுக்கு உயிர். இளையராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி'யில், 1980இல், வந்த பாட்டு. ஆனால் அவன் பாட்டுக்காகக் கேட்கவில்லை. தொடக்கத்தில் வரும் கிட்டாருக்காகக் கேட்டான். அது தொடங்கியதும் ஆள்காட்டி விரலை உயர்த்துவான். வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. ஜேசுதாஸ் வரிகளுக்கு வந்து சேர்ந்ததும் நிறுத்திவிடுவான். பேட்டரி தீர்ந்துவிடுமே என்று பெட்டியில் ரீவைண்ட் செய்ய மாட்டான். கேசட்டை வெளியே எடுத்து, ஆறுபட்டைப் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே சுற்றுவான். எத்தனை சுற்றுக்குக் கிட்டாரின் முதல் தட்டு வரும் என்பது அவன் விரலுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாட்டை முழுதாகக் கேட்க எனக்குக் கல்லூரிக் காலம் வரை ஆயிற்று.

1986இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தபோது நிலைமை மோசமாயிற்று. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட, பாட்டு வரியே இல்லாத தொகுப்பு. வி. எஸ். நரசிம்மனின் வயலினுக்காக அந்தக் கோடை முழுவதையும் என் கூட்டாளி எழுதிவைத்துவிட்டான். அவனுடைய அப்பா திண்ணையில் உட்கார்ந்து மூன்று உருப்படிகளைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பாடுகிறவர் எப்போது வருவார்?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு கேசட்டோடு வந்தார். 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா'. 1962இல் வந்த படம். நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலம், பாடியவர் எஸ். ஜானகி, ராகம் ஆபேரி. "நாதஸ்வரம் எந்த இடத்தில் விட்டது, ஜானகி எந்த இடத்தில் எடுத்தார், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்றார். எங்களால் சொல்ல முடியவில்லை. மறுபடியும் போட்டார். அப்போதும் தெரியவில்லை. "இந்த அருணாசலம் நம் ஊரில் குடியிருந்தவர். 1964இல் போய்விட்டார். நீங்கள் கிட்டாரைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தார். எனக்குக் கிடைத்த இசைப் பாடங்களில் அதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன். இத்தனைக்கும் ராக லட்சணம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

புத்தகங்களுக்குக் கிளை நூலகம். வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் அங்கே மின்விசிறி சுற்றும், அதற்காகவே வருகிறவர்களும் உண்டு. என் கார்டில் ஒன்று, அவன் கார்டில் ஒன்று எடுத்து மாற்றிக்கொள்வோம். அவன் புத்தகத்தைத் தரும்போது, "நன்றாக இருக்கிறது" என்று சொன்னதே கிடையாது. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையைக் கொடுத்தபோது சொன்னது இதுதான்: "முடிவில் அந்தப் பையன் எதை நீட்டுகிறான் என்று பார்."

படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவரின் அறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் படையெடுத்து வந்து புத்தகங்களைப் புரட்டிப் போடுகிறார்கள். அவர் இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் டைரி கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. அவன் அழவும் இல்லை, கேட்கவும் இல்லை. தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து, தனக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். அவ்வளவுதான் கதை. அதைப் படித்த நாளிலிருந்து, யாருக்காவது புத்தகம் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்கும் மூன்றாமவரின் முகத்தைப் பார்க்காமல் என்னால் கொடுக்க முடிவதில்லை.

எழுதியவர் எங்களுக்கு அடுத்திருக்கும் இடைசெவல்காரர் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவரும் கி. ராஜநாராயணனும் ஒரே ஊர், பிறந்ததும் ஒரே ஆண்டு, 1923. இருவருக்கும் இலக்கியத்துக்குச் சமமாக இசைக் கிறுக்கு. அழகிரிசாமி வெளியூர்களிலிருந்து கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாகவே இருக்கின்றன. 1970 ஜூலையில் அழகிரிசாமி இறந்தார். அதே ஆண்டு 'அன்பளிப்பு' தொகுப்புக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. விருது வாங்க ஆள் இல்லாத ஆண்டு என்று நூலகர் ஒருமுறை சொன்னார்.

இப்போது நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு ஊர். மே 4ஆம் தேதி கத்திரி தொடங்கினால் எங்கள் கணக்கும் தொடங்கும். 28ஆம் தேதி கத்திரி முடிவதற்குள் ஒவ்வொருவரும் மற்ற நால்வருக்கும் ஒரு பாட்டும் ஒரு புத்தகமும் சொல்ல வேண்டும். எந்த இடம் என்று குறிப்பிடாவிட்டால் கணக்கில் சேராது. முன்னுரை எழுதக் கூடாது. "வாழ்க்கையை மாற்றிய" என்ற சொற்றொடருக்குத் தடை.

சிவகாசி நண்பர் அச்சகம் வைத்திருக்கிறார். அவர் ஒருமுறை பாலித்தீன் உறையில் போட்டு அனுப்பியது முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு. 1972, 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து கை மட்டும் அந்தரத்தில் தெரியுமே, அவரேதான். மாயாவி மறையும் இடத்தைச் சொல்வார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். "அந்தப் பழைய தாளில் மை எப்படி விழுந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். புத்தகத்தை முழுதாக விரிக்காதீர்கள், முதுகு உடைந்துவிடும்" என்று எழுதியிருந்தார். முதுகு உடையாமல் நான்கு ஊர்களைச் சுற்றிவிட்டு அது சிவகாசிக்கே திரும்பியது. கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட்டதும் உறையைப் பிரித்துப் பக்கங்களை எண்ணினாராம்.

இந்த ஆண்டுதான் தகராறு. சங்கரன்கோவிலில் இருக்கும் டீச்சர் அக்கா, ஓய்வு பெற்ற தமிழாசிரியை, காவடிச் சிந்தைச் சொல்லிவிட்டார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடியது. முப்பது வயதைத் தொடாமலே மறைந்த கவிஞர். காவடிச் சிந்தை அச்சில் பதிப்பித்தவர்களில் அதே அழகிரிசாமியும் ஒருவர். "மனத்துக்குள் படிக்கக் கூடாது. வாய்விட்டுப் பாடுங்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறீர்கள் என்று குறித்து அனுப்புங்கள்" என்பது அக்காவின் உத்தரவு. அதோடு நிற்காமல், பாட்டும் இதுதான், புத்தகமும் இதுதான் என்று கணக்கை முடித்துவிட்டார்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்க விதி இடம் தராது என்கிறார் சிவகாசிக்காரர். பாட்டாகப் பிறந்து புத்தகமாக வாழ்வதை வேறு எந்தக் கணக்கில் சேர்ப்பது என்கிறார் அக்கா. நான் அக்கா பக்கம். திருச்சி நண்பர், வழக்கம்போல, அச்சகத்தின் பக்கம். மதுரையில் இருக்கும் ரயில்வேக்காரன்தான் மிச்சம். முதல் கண்ணியை மூச்சு விடாமல் பாடி முடித்த பிறகுதான் தீர்ப்புச் சொல்வானாம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இன்னும் சில நாள் சிரமம்தான்.