‘1984’ நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு உதவி

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு ஜார்ஜ் ஆர்வெல் சர்வாதிகார ஆட்சியைப் பற்றி எழுதிய ‘1984’ நாவலை நடத்திக்கொண்டிருக்கிறேன்.

முதல் பாகம் நன்றாகவே போயிற்று. அதிலும் அந்த சாக்லேட் ரேஷன் இடம்! வாரம் 30 கிராமாக இருந்ததை 20 ஆகக் குறைக்கிறார்கள். மறுநாளே, 20 கிராமாக உயர்த்தியதற்கு நன்றி சொல்லி மக்கள் ஊர்வலம் போனதாகத் தொலைத்திரை அறிவிக்கிறது. ஒரே நாளில் இதை எப்படி எல்லோரும் மறந்தார்கள் என்று நாயகன் வின்ஸ்டன் திகைக்கும்போது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

சிக்கல் இரண்டாம் பாகத்தில்தான். ஆளும் கட்சியின் எதிரி என்று சொல்லப்படும் கோல்ட்ஸ்டைனின் புத்தகத்தை வின்ஸ்டன் படிக்கும் பகுதி பக்கம் பக்கமாக நீள்கிறது. மாணவர்கள் அங்கே கழன்றுகொள்கிறார்கள். ஆனால் நாவலில் ஓயாமல் நடக்கும் போர் ஏன் முடியவே கூடாது என்ற விளக்கம் அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டிப்போக எனக்கு மனமே வரவில்லை. முழுதாக வாசிக்க வைக்கிறீர்களா, பகுதி எடுத்துக் கொடுக்கிறீர்களா? பகுதி என்றால், எந்தப் பகுதி?

அப்புறம் இன்னொன்று. நாவல் வந்தது 1949-ல். ஸ்டாலின் காலப் பின்னணியை முதலிலேயே சொன்னால், ‘இது ரஷ்யா கதை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஸ்டாலின் பக்கத்தில் நின்ற அவருடைய ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ் பிற்பாடு அழிக்கப்பட்ட அந்தப் புகைப்படத்தை, நாவலை முடித்த பிறகு காட்டலாம் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மனப்பாடத்தில் அடங்காத தேர்வுக் கேள்விகள் வைத்திருந்தால் அவற்றையும் பகிருங்கள்.